15,000 ரூபாய்க்குள் முதல் மவுண்டன் சைக்கிள்: உப்புக் காற்றையும் லாரி ரோட்டையும் எது தாங்கும்?

தண்டையார்பேட்டை புதியவன்:

எல்லோருக்கும் வணக்கம். பிளஸ் ஒன் படிக்கும்போது பள்ளியில் கொடுத்த இலவச சைக்கிள்தான் நான் கடைசியாக ஓட்டியது. கியர் சைக்கிளில் ஏறி உட்கார்ந்ததுகூட இல்லை. வீடு வடசென்னையில் தண்டையார்பேட்டை, வேலை மணலியில். பஸ்ஸுக்கு நின்று, ஷேர் ஆட்டோவுக்கு நின்று, ஷிஃப்ட் நேரத்துக்குப் போய்ச் சேருவதற்குள் போதும் போதும் என்றாகிவிடுகிறது. தூரம் என்று பார்த்தால் ஒரு பக்கம் எட்டு, ஒன்பது கிலோமீட்டர்தான். அதனால் சைக்கிள் வாங்கிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பர்களோடு எண்ணூர் முகத்துவாரம் பக்கம் போக வேண்டும், கால் பழகிய பிறகு பழவேற்காடு வரை போக ஆசை.

கையில் 15,000 ரூபாய் இருக்கிறது, அதற்கு மேல் முடியாது. ஏரியாவில் ஒரு கடையில் முன்னாலும் பின்னாலும் சஸ்பென்ஷன், ரெண்டு பக்கமும் டிஸ்க் பிரேக், 21 கியர் எல்லாம் சேர்த்து 11,500 என்றார்கள். பார்க்கப் பிரமாதமாக இருக்கிறது. ரத்தன் பஜாரில் ஒரு கடையில் முன்னால் மட்டும் சஸ்பென்ஷன், ரப்பர் கட்டை வைத்த வி-பிரேக், அலுமினிய ஃபிரேம், அதற்கு 13,800 சொல்கிறார்கள். இருப்பதெல்லாம் குறைவு, விலை மட்டும் அதிகம். ஏன் என்று புரியவில்லை.

இன்னொரு கவலை, எங்கள் வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஜன்னல் கம்பி, கேட், கேஸ் அடுப்பு என்று துரு ஏறாத பொருளே வீட்டில் கிடையாது. வீடு ரெண்டாவது மாடி, படி குறுகல், கீழே வைக்க இடமில்லை, தினமும் தூக்கிக்கொண்டுதான் ஏற வேண்டும். எதை வாங்குவது, வாங்கியதை எப்படிக் காப்பாற்றுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

திருவொற்றியூர் மிதிவண்டிக்காரன்:

அந்த 11,500 சைக்கிளை விட்டுவிடுங்கள். ரெண்டாவதை இன்றைக்கே வாங்குங்கள் என்று சொல்லவரவில்லை, அதையும் சோதித்துத்தான் வாங்க வேண்டும். ஆனால் முதல் சைக்கிள் நிச்சயமாக வேண்டாம்.

பின் சஸ்பென்ஷன் என்பது ஒழுங்காகச் செய்தால் செலவு பிடிக்கிற வேலை. ஷாக் நல்லதாக இருக்க வேண்டும், ஃபிரேம் மடங்குகிற இடத்தில் பேரிங் இருக்க வேண்டும். அப்படிச் செய்த சைக்கிள்கள் லட்சத்தைத் தொடும். 11,500-க்குக் கிடைப்பது ஒரு ஸ்பிரிங்கும் ரெண்டு போல்ட்டும்தான். நீங்கள் மிதிக்கிற மிதியில் ஒரு பங்கை அந்த ஸ்பிரிங் தின்றுவிடும், மேம்பாலம் ஏறும்போது சீட்டோடு சேர்ந்து நீங்களும் மேலும் கீழும் ஆடிக்கொண்டு போவீர்கள். கொஞ்ச மாதத்தில் மடங்குகிற இடத்தில் இருக்கும் புஷ் தேய்ந்து பின் சக்கரம் பக்கவாட்டில் ஆட ஆரம்பிக்கும், அதற்கு மாற்று உதிரி கேட்டால் எந்தக் கடையிலும் கிடைக்காது. எடையும் 18 கிலோ சுலபமாக வந்துவிடும். ஷிஃப்ட் முடித்து வந்து அதைத் தோளில் வைத்து ரெண்டு மாடி ஏறுவதை நினைத்துப் பாருங்கள்.

விலை வித்தியாசம் கண்ணில் படாத இடங்களில் இருக்கிறது. கடைக்குப் போகும்போது பாக்கெட்டில் சின்னக் காந்தம் ஒன்று போட்டுக்கொண்டு போங்கள். ரிம்மில் வையுங்கள், ஹேண்டில்பாரில் வையுங்கள், சீட் கம்பியில், பெடலைத் தாங்குகிற கிராங்கில் வையுங்கள். ஒட்டினால் இரும்பு. நமக்குக் கடல் பக்கத்திலேயே இருப்பதால் இரும்புப் பாகம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நிம்மதி. அதிலும் ரிம் மட்டும் இரும்பாக இருக்கவே கூடாது. ஈரமான இரும்பு ரிம்மில் ரப்பர் கட்டை வழுக்கிக்கொண்டே போகும், மழையில் பிரேக் பிடித்தால் சைக்கிள் நிற்கிற இடத்துக்கு உத்தரவாதம் கிடையாது. அலுமினிய ரிம்மும் வி-பிரேக்கும் சேர்ந்தால் இந்த விலைக்கு அதுவே நல்ல பிரேக். டிஸ்க் என்றாலே உசத்தி என்று நினைக்கிறார்கள். இந்த விலையில் வருவது கேபிளில் இழுக்கிற மெக்கானிக்கல் டிஸ்க். பெரும்பாலும் அதில் ஒரு பக்க பேட் மட்டும்தான் நகரும், மற்ற பக்கத்தை நாமே அவ்வப்போது நெருக்கி வைக்க வேண்டும், டிஸ்க் லேசாக வளைந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் உரசிக்கொண்டே வரும். வி-பிரேக்கில் கட்டை தேய்ந்தால் கொஞ்சக் காசில் நீங்களே மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து பின் சக்கரம். கியர் பல்சக்கரங்கள் ரெண்டு விதமாக வரும், சக்கரத்தின் நடுவில் இருக்கிற ஹப்பில் மரை போட்டு முறுக்குகிற ஃப்ரீவீல் ஒன்று, ஹப்பின் மேல் செருகிப் பூட்டுகிற கேசட் ஒன்று. ஃப்ரீவீல் வகையில் வலப்பக்க பேரிங் உள்ளே தள்ளி இருப்பதால் அச்சின் ஒரு பகுதி தாங்கல் இல்லாமல் நிற்கும். பள்ளத்தில் தொம்மென்று இறங்குகிறவர்களுக்கு அந்த அச்சு வளையும், உடையும். உங்கள் பட்ஜெட்டில் கேசட் கிடைப்பது கஷ்டம், கிடைத்தால் விடாதீர்கள். கிடைக்காவிட்டால் பள்ளம் வரும்போது சீட்டை விட்டு எழுந்து முழங்காலை லேசாக மடக்கி இறக்குங்கள், அதுவே அச்சைக் காப்பாற்றிவிடும்.

கியரில் ஷிமானோ கம்பெனியின் டர்னி வகை இருந்தால் போதும், அதன் உதிரி வண்ணாரப்பேட்டையிலும் கிடைக்கும் மீஞ்சூரிலும் கிடைக்கும். சக்கரம் 26 அங்குலமா, 27.5-ஆ என்று மண்டையைப் போட்டு உடைத்துக்கொள்ள வேண்டாம். 26-க்கு டியூப் கிடைக்காத பஞ்சர் கடை கிடையாது, அது ஒரு வசதி. அளவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். மேல் கம்பிக்கு ரெண்டு பக்கமும் கால் போட்டுத் தரையில் நின்றால் கம்பிக்கும் உடம்புக்கும் நடுவே ரெண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால், பெடல் கீழே இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். சீட்டைத் தாழ்த்தி வைத்து ஓட்டி முழங்கால் வலிக்கிறது என்று சைக்கிளையே மூலையில் போட்டவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

15,000 முழுவதையும் சைக்கிளில் போட்டுவிடாதீர்கள். 13,000 சைக்கிளுக்கு, மிச்சம் ஹெல்மெட், முன் பின் விளக்கு, பம்ப், நல்ல பூட்டு. 13,800 என்பது பழைய விலைப் பட்டியலாக இருந்தாலும் இருக்கும், 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கு ஜிஎஸ்டி 12-லிருந்து 5 சதவீதமாகக் குறைந்துவிட்டது, அதைச் சொல்லிக் கேளுங்கள்.

கொருக்குப்பேட்டை சைக்கிள் கடை:

தம்பி, மேலே சொன்னவர் வாங்குவதைப் பற்றி நன்றாகச் சொல்லிவிட்டார். எங்கள் அப்பா காலத்திலிருந்து கடை வைத்திருக்கிறோம், வாங்கிய பிறகு என்ன ஆகிறது என்பது எங்களிடம்தான் வரும், அதைச் சொல்கிறேன்.

கியர் சைக்கிள் கம்பெனியிலிருந்து பெட்டியில் பாதி கழற்றித்தான் வருகிறது. அதைப் பூட்டுகிற ஆள் எப்படிப்பட்டவர் என்பதில்தான் பாதி ஆயுசு இருக்கிறது. ஆன்லைனில் வாங்கி வீட்டில் பூட்டிக் கொண்டுவருபவர்களில் முன் சக்கரத்தைத் தாங்குகிற ஃபோர்க்கைத் திருப்பி மாட்டிக்கொண்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அது உயிருக்கே ஆபத்து. பிரேக் எப்போதும் ஃபோர்க்குக்கு முன்புறம் தெரிய வேண்டும், அது பின்னால் போயிருந்தால் ஃபோர்க் திரும்பியிருக்கிறது என்று அர்த்தம். இது வி-பிரேக்குக்குச் சொல்வது, டிஸ்க்கில் அதைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பர் பின்பக்கம்தான் இருக்கும்.

கடையில் டெலிவரி எடுக்கும் முன் ரெண்டு சக்கரத்தையும் தூக்கிச் சுற்றிவிட்டுப் பார். பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி ஒரே சீராக இருக்க வேண்டும், கூடிக் குறைந்தால் பெண்டு இருக்கிறது, அங்கேயே எடுத்துத் தரச் சொல். அப்புறம் அச்சைக் கையில் பிடித்துச் சுற்றினால் மணல் அரைக்கிற மாதிரி இருந்தால் அச்சில் பேரிங்கை அழுத்திப் பிடிக்கிற கோன் இறுக்கமாக இருக்கிறது, கிரீஸும் பத்தவில்லை. விலை குறைந்த சைக்கிளில் இது சகஜம். புது சைக்கிளாக இருந்தாலும் ஹப்பைப் பிரித்து உள்ளே இருக்கிற பால்ரஸ் குண்டுகளுக்குக் கிரீஸ் வைத்துப் பூட்டச் சொல், கேட்கிற கூலியைக் கொடு. இங்கே அந்த ஒரு வேலை உனக்குப் பல வருஷம் உழைக்கும்.

முதல் மாதம் சைக்கிள் செட் ஆகிற காலம். கேபிள் இழுபடும், கியர் ஒரு பல்லிலிருந்து அடுத்ததுக்கு ஏறாமல் கடகடவென்று சத்தம் போடும். பயப்படாதே, பின் சக்கரத்துப் பக்கம் செயினைப் பல்லுக்குப் பல் தள்ளுகிற டிரெய்லரில் (டிரெய்லர் என்று நாங்கள் சொல்வது டீரெய்லியரை) கேபிள் நுழைகிற இடத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைப் பின்னாலிருந்து பார்த்து இடப்பக்கமாக அரைச் சுற்று திருப்பு, பெரிய பல்லுக்கு ஏறத் தயங்குவது நின்றுவிடும். அங்கே இருக்கிற மற்ற ரெண்டு ஸ்குருவை மட்டும் தெரியாமல் தொடாதே, அது தப்பிப்போனால் செயின் போக்ஸ் கம்பிக்குள் விழுந்து சக்கரத்தையே தின்றுவிடும். போக்ஸ் கம்பியும் முதல் மாதத்தில் தளரும், திரும்பக் கொண்டுவந்து இழுத்துவிடச் சொல்.

எல்லாவற்றையும்விட முக்கியம் இடது கிராங்க். வாங்கி ஒரு வாரம் ஓட்டியதும் அதன் போல்ட்டை ஒரு தடவை இறுக்கு. லூஸாக ஓட்டினால் கிராங்கின் சதுர ஓட்டை வட்டமாகிப்போகும், அப்புறம் எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, மாற்ற வேண்டியதுதான். இடது பெடலுக்கு மரை தலைகீழ், அதைக் கழற்ற மணி முள் சுற்றுகிற பக்கம் திருப்ப வேண்டும். இது தெரியாமல் மரையை அழித்துக்கொண்டு வருகிறவர்கள் அதிகம்.

துருவைப் பற்றிக் கேட்டாய். இங்கே உப்புக் காற்று மட்டும் கிடையாது, துறைமுகத்துக்கும் மணலிக்கும் போகிற வண்டிகளின் புகை, கரித்தூள், மண் எல்லாம் சேர்ந்து வரும். செயினில் எண்ணெய் வழிய விட்டால் அத்தனையும் அதில் ஒட்டி உப்புக் காகிதம் மாதிரி பல்லைத் தேய்க்கும். வாரம் ஒரு தடவை மண்ணெண்ணெய் தொட்ட துணியால் செயினைப் பிடித்துப் பின்பக்கமாக மிதித்துத் துடை. காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணியிலும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய். பத்து நிமிஷம் கழித்து வெளியே தெரிகிற எண்ணெயை முழுசாகத் துடைத்து எடுத்துவிடு, உள்ளே போனதுதான் வேலை செய்யும். மழைக்காலத்தில் கொஞ்சம் கெட்டியான செயின் ஆயில் போடு. மெக்கானிக் ஷெட்டில் கிடைக்கிற வேஸ்ட் ஆயில் வேண்டவே வேண்டாம். ரிம், டிஸ்க், பிரேக் கட்டை மூன்றிலும் எண்ணெய் படவே கூடாது.

சீட் கம்பியை உருவிக் கிரீஸ் தடவிப் போடு. அலுமினியமும் இரும்பும் உப்புக் காற்றில் சேர்ந்து இருந்தால் இறுகிப் பிடித்துக்கொள்ளும், ரெண்டு வருஷம் கழித்து சுத்தியலால் அடித்தாலும் வராது. போக்ஸ் கம்பி முனையில் இருக்கிற நிப்பிளுக்கும் வெளியே தெரிகிற ஸ்குருக்களுக்கும் எண்ணெய்த் துணியால் ஒரு தடவல். பீச் மணலில் இறக்கினால் வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீர் ஒரு மக் ஊற்றித் துடைத்துவிடு. பைக் வாட்டர் சர்வீஸில் பைப்பைப் பிடித்து அடிக்கக் கொடுக்காதே, ஹப்புக்குள் தண்ணீர் போய்விடும்.

பெரம்பூர் கலை:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். வீட்டிலிருந்து மணலிக்குப் போய் வர மவுண்டன் சைக்கிள்தான் வேண்டுமா? முன் சஸ்பென்ஷன்கூட இந்த விலையில் ரெண்டு கிலோவுக்கு மேல் எடை, அதிர்வை வாங்குவதைவிட நம் மிதியை வாங்குவதுதான் அதிகம். சஸ்பென்ஷனே இல்லாத நேரான ஃபோர்க், கொஞ்சம் அகலமான டயர் வைத்த சைக்கிள் ஒன்று 15,000-க்குள் கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். மாடி ஏற்றவும் சுலபம். அதே சமயம் எங்கள் பக்கம் மெட்ரோ வேலைக்குத் தோண்டிப்போட்ட ரோட்டைப் பார்த்தால் மெல்லிய டயர் சைக்கிளும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். அகல டயர் அவசியம்.

மவுண்டன் சைக்கிளே வாங்கினாலும், கட்டை கட்டையாக நிற்கிற டயரைத் தார் ரோட்டில் ஓட்டினால் உர்ரென்று சத்தம் வரும், கால் சீக்கிரம் சோர்ந்துவிடும். அது தேய்ந்ததும் நடுவில் வழவழப்பாகவும் ஓரத்தில் பூவுடனும் வருகிற டயராக மாற்றுங்கள். டயர் பக்கவாட்டில் 50-559 என்ற மாதிரி ஓர் எண் இருக்கும், கடைசி மூன்று இலக்கம் 559 என்றால் 26 அங்குலம், 584 என்றால் 27.5, 622 என்றால் 29. கடைக்காரரிடம் அந்த எண்ணைச் சொல்லிக் கேட்டால் தப்பான டயர் வராது. காற்று 45 பிஎஸ்ஐ சுற்றி வைத்துப் பாருங்கள், டயரில் எழுதியிருக்கிற அளவைத் தாண்டக் கூடாது.

செகண்ட் ஹேண்டும் யோசியுங்கள். ஆசைப்பட்டு வாங்கி, ஓட்டாமல் பால்கனியில் நிற்கிற நல்ல சைக்கிள்கள் இந்த ஊரில் ஏராளம். பாதி விலைக்குக் கிடைக்கும். ஃபிரேமில் பற்றவைத்த இடங்களில் விரிசல் இருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் நிதானமாகப் பாருங்கள், மற்றதெல்லாம் மாற்றக்கூடியது.

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு எச்சரிக்கை. வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை போன்ற இடங்களில் தண்ணீர் நின்றால் சைக்கிள்தானே என்று இறங்காதீர்கள், பள்ளம் எங்கே என்று தெரியாது. தவிர்க்க முடியாமல் அச்சு மூழ்குகிற தண்ணீரில் போய்விட்டால், அந்த வாரமே ஹப்பையும் பெடல் அச்சையும் பிரித்துக் கிரீஸ் மாற்றச் சொல்லுங்கள். தள்ளிப்போட்டால் உள்ளே பால்ரஸ் துருவேறி கோனும் போய்விடும்.

தண்டையார்பேட்டை புதியவன்:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. காந்தத்தோடு போய்ப் பார்த்தேன். 11,500 சைக்கிளில் ரிம், ஹேண்டில், சீட் கம்பி எல்லாவற்றிலும் ஒட்டியது. ரத்தன் பஜார் சைக்கிளில் சீட் கம்பியிலும் போல்ட்டுகளிலும் மட்டும்தான். விலையைப் பேசி 13,000-க்கு இறங்கி வந்திருக்கிறார்கள். அதையே எடுக்கலாம் என்று இருக்கிறேன். கலை அக்கா, செகண்ட் ஹேண்ட் பார்த்துச் சோதிக்க எனக்கு அனுபவம் பத்தாது, அதனால் இந்தத் தடவை புதிது.

மூன்று சந்தேகம். நான் போவது சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட் வழி, ரோடெல்லாம் இரும்புத் துணுக்கு, பஞ்சர் ஆனால் என்ன செய்வது? முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு என்றால் எதை எப்போது போடுவது? கன்டெய்னர் லாரிகளோடு போவதற்குத்தான் வீட்டில் ரொம்பப் பயப்படுகிறார்கள், அதற்கு என்ன சொல்வது?

திருவொற்றியூர் மிதிவண்டிக்காரன்:

கடைசிக் கேள்வியிலிருந்து வருகிறேன், அதுதான் பெரியது. லாரிக்கு இடப்பக்கம் ஒருபோதும் போய் நிற்காதீர்கள். சிக்னலில், மார்க்கெட் கேட்டில், எங்கேயும். நீளமான டிரெய்லர் லாரி இடப்பக்கம் திரும்பும்போது பின் சக்கரங்கள் முன் சக்கரம் போன தடத்தில் வராது, உள்ளே ஒடுங்கி ஓரத்தைத் துடைத்துக்கொண்டு வரும், ஓரத்தில் நிற்கிற சைக்கிளுக்கு ஒதுங்க இடமே இருக்காது. டிரைவர் உயரத்திலிருந்து பார்த்தால் அந்த இடம் அவருக்குத் தெரியவும் தெரியாது. பின்னாலேயே நில்லுங்கள், அது போன பிறகு போங்கள். நின்றிருக்கிற லாரி வரிசையைக் கடக்கும்போது கதவு திறக்கிற அளவுக்காவது இடம் விடுங்கள். நைட் ஷிஃப்ட் முடிந்து வந்தால் பின்பக்கச் சிவப்பு விளக்கு கட்டாயம். எண்ணூர் விரைவு சாலையில் கன்டெய்னர் வரிசை நீளமாக நிற்கிற நாளில் நான் இறங்கி உள் ரோட்டில் சுற்றிப் போய்விடுவேன், நேரம் ஆனால் ஆகட்டும். வீட்டில் இதைச் சொல்லுங்கள்.

பஞ்சருக்கு ஒரு உபரி டியூப், ரெண்டு பிளாஸ்டிக் டயர் லீவர், சின்னப் பம்ப் பையில் இருக்கட்டும். ரோட்டில் ஒட்ட உட்கார வேண்டாம், டியூபை மாற்றிவிட்டுப் பழையதை வீட்டில் நிதானமாக ஒட்டுங்கள். புது டியூபைப் போடும் முன் டயரின் உள்பக்கத்தைத் துணியால் ஒரு சுற்று தடவிப் பாருங்கள், துணுக்கோ சீமைக் கருவேல முள்ளோ குத்திக்கொண்டு இருந்தால் துணியில் மாட்டும். இதை விட்டால் புது டியூபும் பத்து நிமிஷத்தில் போய்விடும். வாங்கும்போது பைக் டியூப் மாதிரி தடித்த வால்வு இருக்கிறதா என்று பாருங்கள், எந்தப் பஞ்சர் கடையிலும் காற்று அடிக்கலாம்.

கியர் ரொம்பச் சுலபம். முன்னால் நடுப்பல்லிலேயே வைத்துக்கொண்டு பின்பக்கத்தை மட்டும் மாற்றுங்கள், நம் சமவெளிக்கு அது போதும். பாலம் ஏறும் முன்பே லேசான கியருக்கு, அதாவது பின்னால் பெரிய பல்லுக்கு, வந்துவிடுங்கள், ஏறும்போது நின்று அழுத்திக்கொண்டே மாற்றினால் செயின் கழன்று விழும். முன்னால் பெரியது, பின்னால் பெரியது என்று ஒன்றாகப் போடாதீர்கள், செயின் குறுக்கே இழுபட்டுத் தேயும்.

கொருக்குப்பேட்டை சைக்கிள் கடை:

நல்ல முடிவு தம்பி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மூன்று, நான்கு மாதத்துக்கு ஒரு தடவை செயினில் இரும்பு ஸ்கேல் வைத்துப் பார். ஒரு பின்னின் நடுவிலிருந்து எண்ணினால் 24 பின் தள்ளி இருக்கிற பின் சரியாக 12 அங்குலத்தில் வர வேண்டும். அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் செயினை மட்டும் மாற்றினால் போதும், எட்டில் ஒரு பங்கு வரை விட்டுவிட்டால் ஃப்ரீவீலும் சேர்ந்து மாற்ற வேண்டிவரும், செலவு ரெண்டு மடங்குக்கு மேல்.

பில் வாங்கும்போது ஃபிரேம் நம்பரை அதில் எழுதச் சொல். பெடல் அச்சுக்கு அடியில் குத்தியிருக்கும், சைக்கிளைக் கவிழ்த்தால் தெரியும். போனில் ஒரு போட்டோவும் எடுத்து வை. திருட்டுப்போனால் ஸ்டேஷனில் முதலில் கேட்பது அதைத்தான்.